வாளியில் ஊறிய முட்டைகள் கெட்டுப்போவது பற்றி

வீட்டுக் கோழிகள் இடும் முட்டைகளில் எச்சம் ஒட்டியிருந்தால், அவற்றைச் சுத்தம் செய்யக் குழாய்த் தண்ணீர் வாளியில் ஊறவைப்பதை நிறுத்துங்கள். கழுவிய முட்டைகள் நாலே நாளில் நாறுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். முட்டையைவிடக் குளிர்ந்த நீரில் கிடக்கும்போது உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியே அழுக்கு நீரைக் கிருமிகளோடு உறிஞ்சிக்கொள்கிறது.

காய்ந்த எச்சத்தை மெல்லிய மணல்தாளால் லேசாகத் தேய்த்தெடுங்கள். கழுவித்தான் ஆகவேண்டுமென்றால், ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெதுவெதுப்புள்ள நீரை ஊற்றிக் கழுவி, உடனே துடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஓட்டின் இயற்கைப் பூச்சு போய்விடுவதால் அதன்பின் அவற்றை வெளியே வைக்கக்கூடாது.

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். இருட்டிய பிறகு கைவிளக்கோடு கூட்டுக்குப் போங்கள். கோழிகள் முட்டைப் பெட்டியிலேயே உறங்கினால் எச்சமும் அங்கேதான் விழும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தோரம் இருக்கும் எங்கள் கம்பத்துக் (கிராமத்துக்) கோழிகளும் அப்படித்தான் செய்தன. உறங்கும் கம்பைப் பெட்டியைவிட ஒரு முழம் உயர்த்திக் கட்டி, மழையில் நனைந்த மரத்தூளை மாற்றியதும் பெரும்பாலான முட்டைகள் சுத்தமாகவே கிடைத்தன.

விரிசல் கண்டவற்றையும் எச்சம் அப்பிக்கிடப்பவற்றையும் கழுவிக் காப்பாற்ற நினைக்காமல் எறிந்துவிடுங்கள். அரைவேக்காட்டு முட்டைக்குக் கழுவியவை வேண்டாம்.