கல்லில் நின்ற இகரம்

கேள்வி: அயர்லாந்தின் பிரதமரை ஆங்கிலச் செய்திகள்கூடத் ‘தீஷக்’ என்றே குறிப்பிடுகின்றன. பன்மையில் அது ‘தீஷி’ ஆகிவிடுகிறது. இச்சொல்லின் பிறப்பும் இலக்கணமும் யாவை?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு அயர்லாந்தின் தலைமை அமைச்சருக்கு இட்ட பதவிப்பெயர் இது, அதற்குமுன் அவர் நிர்வாகக் குழுத் தலைவர் எனப்பட்டார். சொல்லோ மிகப் பழையது. அயர்லாந்தின் மொழியான ஐரியத்தின் பழைய வடிவில் ‘தோய்செக்’ என்பது தலைவனையும், முதலாவதாக நிற்பதையும் குறித்தது. தொடக்கம் எனப் பொருள்படும் ‘தூஸ்’ என்னும் ஐரியச் சொல் இதற்கு நெருங்கிய உறவு. ‘முதல்’ என்பதிலிருந்து ‘முதல்வர்’ பிறந்த தமிழுக்கு இந்தப் பொருள் உறவு நன்கு பழகியதே. இளவரசனைக் குறிக்கும் வேல்ஸ் மொழிச் சொல்லும் இதே வேரினது.

உங்கள் கேள்வியின் சுவையான பகுதி இலக்கணத்தில்தான் இருக்கிறது. வடக்கு வேல்ஸின் க்ளோகைநோக் என்னும் ஊரில் கிடைத்த பழங்கல் ஒன்றில், இலத்தீன் எழுத்திலும், கல்லின் விளிம்பில் கோடுகளாகக் கீறப்படும் பழைய ஐரிய எழுத்தான ஓகத்திலும், ‘தோவிசாகி’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. அதற்குத் ‘தலைவனுடைய’ என்று பொருள். ஈற்றிலுள்ள இகரமே ஆறாம் வேற்றுமையின் அடையாளம். காலப்போக்கில் ஐரிய மொழி அந்த உயிரொலியை இழந்தது. ஆனால் மறைவதற்குமுன் அது தனக்கு முன்நின்ற மெய்யை மென்மையாக்கிவிட்டுப் போனது. அதனால்தான் இன்று எழுவாயாக நிற்கையில் ‘தீஷக்’ எனவும், ஆறாம் வேற்றுமையில் ‘தீஷி’ எனவும் சொல் வேறுபடுகிறது. பழைய எழுவாய்ப் பன்மையும் இகர ஈறே கொண்டிருந்தமையால், பன்மை வடிவமும் ‘தீஷி’ என்றே அமைந்தது. தெற்கே மன்ஸ்டர் பகுதியில் மட்டும் இவ்வடிவத்தின் ஈற்றில் ககர ஒலி இன்னும் கேட்கிறது.

விளிக்கும்போது சொல்லின் முதலும் மாறும். ‘அ’ என்னும் விளி இடைச்சொல் முன்னே வர, தகரம் ஹகரமாகி ‘அ ஹீஷி’ என்பார்கள். தமிழில் ‘தலைவன்’ என்பது ‘தலைவ’ என விளியேற்கையில் ஈறு மட்டுமே திரிகிறது. ஐரிய மொழியிலோ இரு முனைகளும் திரிகின்றன.

உச்சரிக்கையில் முதலெழுத்தை டகரமாக்காமல் பல்லில் நா பொருந்தும் தகரமாகவே ஒலியுங்கள். ‘தீஷக்’ என்பதன் கடைசி ஒலி, தொண்டையருகே உரசிப் பிறப்பது. நம் ஆய்தத்தை நினைத்துக்கொண்டு சொன்னால் ஏறத்தாழச் சரியாக வரும்.

‘மேக்கின்டோஷ்’ என்னும் குடும்பப்பெயரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ‘தலைவனின் மகன்’ எனப் பொருள்படும் ஸ்காட்லாந்து கேலிக் மொழித் தொடரே அப்பெயராகியது. அதில் இருப்பதும் இதே சொல்லின் ஆறாம் வேற்றுமை வடிவம்தான்.