சக மதிப்பாய்வு ஆன ஆய்வை வைத்தே சிகிச்சையை முடிவு செய்யலாமா?

ஒரு கட்டுரையை மட்டும் வைத்து என்றால், கூடாது. சக மதிப்பாய்வு ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். கட்டுரை வெளியாகும் முன் அதே துறையினர் இரண்டு மூன்று பேர் (பெரும்பாலும் சம்பளமில்லாமல்) ஆய்வுமுறையும் கணக்கும் சரியா என்று பார்ப்பார்கள். மூலத் தரவைத் திறந்து பார்ப்பது அபூர்வம்.

2020 மே 22 அன்று லான்செட் என்ற மருத்துவ இதழில், சக மதிப்பாய்வைத் தாண்டி, ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், சுமார் 96,000 கொரோனா நோயாளிகள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் (கொரோனாவுக்கும் முயன்று பார்த்த மலேரியா மருந்து) கொடுத்தவர்களில் இறப்பு அதிகம் என்றது. உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்துக்கான சோதனையையே நிறுத்தி வைத்தது. அப்புறம்தான் இடித்தது: ஆஸ்திரேலியாவில் 73 பேர் இறந்ததாகக் கட்டுரையில் இருக்கிறது, ஏப்ரல் 21 வரை அந்த நாடு முழுவதுமே 67 இறப்புதான்! தரவு வைத்திருந்த நிறுவனம் அதை முழுதாகக் காட்ட மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், மறுநாளே பிரிட்டனின் ‘ரிகவரி’ என்ற பெரிய மருந்துச் சோதனையும் அந்த மருந்தால் பயனில்லை என்று அறிவித்தது. ஆனால் அங்கே யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் போலப் பிரித்திருந்தார்கள்; அதனால் இரு தரப்பையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. சான்று சார்ந்த மருத்துவம் தேடுவது இந்த மாதிரிச் சான்றைத்தான்; அதோடு மருத்துவரின் அனுபவமும் நோயாளியின் விருப்பமும் சேர வேண்டும்.