அம்மாவின் கைரேகை பதியவில்லை என்கிறார்கள், அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடுமா?

ஆகாது. ரேகை பதியவில்லை என்பதற்காக மட்டும் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வதில்லை. நான் வக்கீல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கும் இதே கதை நடந்ததால் எழுதுகிறேன். உங்கள் அம்மாவும் கை தேய உழைத்தவராகத்தான் இருப்பார்.

என் அம்மாவுக்குத் திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கம். அமெரிக்கா வரும்வரை பீடி சுற்றியவர். மடியில் சொளவு (முறம்), அதில் வெட்டிய இலையும் தூளும். இலையில் தூளை வைத்து விரல் நுனியாலேயே உருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடக்கி வைத்துவிட்டு அடுத்த இலையை எடுப்பார். கை பாட்டுக்கு ஓடும், கண் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அந்தப் பீடிக் கட்டுகள்தான் என் கல்லூரிக் கட்டணம்.

நியூஜெர்சியில் ரேகை எடுக்கப் போனபோது கட்டைவிரல் மட்டும் ஏதோ விழுந்தது. மற்ற விரல்களுக்குத் திரையில் வெறும் சாம்பல் திட்டு. அங்கிருந்த பெண் பொறுமையாக ஈரத்துணியால் துடைத்து, அம்மாவின் விரலைத் தன் கையால் அழுத்தித் திரும்பத் திரும்ப எடுத்தார். அம்மா பயந்துபோய், "நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு கேளு" என்றார்.

எடுத்த ரேகை, குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க, அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்குப் போகும். தெளிவில்லை என்று திரும்பி வந்தால் மறுபடி கூப்பிடுவார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே வந்தால், கடந்த 5 ஆண்டுகளில் எந்தெந்த ஊரில் குடியிருந்தாரோ அந்த ஊர்க் காவல் துறையிடம் குற்றப் பதிவு இல்லை என்ற சான்று வாங்கித் தரவேண்டும். நேர்காணலில் சத்தியப் பிரமாண வாக்குமூலமும் வாங்குவார்கள். அம்மா நடுவில் டெக்சாஸில் அண்ணன் வீட்டில் இருந்ததால் அங்கேயும் வாங்க வேண்டியிருந்தது. இழுத்தடித்தது அதுதான்.

அம்மாவுக்கு 55 வயது தாண்டி, கிரீன் கார்டு வாங்கியும் 15 வருஷம் ஆகியிருந்ததால் நேர்காணலைத் தமிழிலேயே, மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கொடுக்க முடிந்தது. எப்போதாவது கைதானதுண்டா என்று அதிகாரி கேட்டதற்கு, "இந்தக் காயிதம் வாங்கத்தான் முதமுதலா போலீஸ் ஸ்டேஷனுக்கே போனேன்" என்றார். அதிகாரிக்கே சிரிப்பு.

இதெல்லாம் முடிந்த பிறகு எங்கள் சொந்தக்காரர்கள் கிளப்பிய கதைதான் இன்னும் ஆறவில்லை. மகள் வீட்டில் பாத்திரம் தேய்த்தே ரேகை போய்விட்டதாம்! பீடியை விட்டு 15 வருஷம் ஆயிற்றே, அப்புறம் எப்படி என்று கணக்கு வேறு. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ மெஷின் இருக்கிறது. அதை நம்பாமல் கையால் கழுவுவது அம்மாவின் பிடிவாதம். என் சித்தியும் பீடி சுற்றியவர்தான், அமெரிக்காவைப் பார்த்ததே இல்லை. ஊரில் ரேஷன் கடையில் அவருக்கும் ரேகை விழுவதில்லை. அது யார் வீட்டுப் பாத்திரத்தால்? இதைப் படிக்கும் சிலரும் "வேலை வாங்கத்தானே அம்மாவைக் கூப்பிட்டாய்" என்று எழுதத்தான் போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 75 வயதானால் ரேகையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், அது பழைய விதி. இப்போது எந்த வயதானாலும் கூப்பிடுகிறார்கள். இரண்டாவது தேதி வரும்வரை அம்மா பாத்திரத்தில் கை வைக்க வேண்டாம், ராத்திரி விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவட்டும். போகிற அன்று காலையில் மட்டும் எதையும் தடவாமல் கூட்டிப்போங்கள். அதற்குள் 5 வருஷ முகவரிகளையும் தேதியோடு எழுதி வையுங்கள்.