காசில்லாமல் சிந்தசைசர்

கேள்வி: சிந்தசைசரில் சொந்தமாக ஒலிகளை உருவாக்கிப் பழக ஆசை. கையில் பழைய லேப்டாப் மட்டும்தான். கீபோர்டு வாங்க வசதியில்லை. எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவி, கோத்தகிரி

பதில்: சர்ஜ் எக்ஸ்டி (Surge XT) என்ற சிந்தசைசர் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். முழுக்க இலவசம், இதன் முந்தைய வடிவமான சர்ஜின் மூல நிரலையே 2018-இல் பொதுவில் திறந்துவிட்டார்கள். திரையிலேயே கீபோர்டு உண்டு, அது போதும்.

ஆயத்த ஒலிகள் ஏராளமாக இருக்கும். அவற்றிலேயே மூழ்கிவிடாதீர்கள், ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. வெறும் இனிஷியல் பேட்சை (எந்த அலங்காரமும் இல்லாத தொடக்க ஒலியை) எடுத்து, உங்கள் ஊர்க் காற்றின் ஓசையை உருவாக்கிப் பாருங்கள். நானும் குன்னூர்க்காரன், தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கில் காற்று ஏறி இறங்குவதைக் கேட்டுத்தான் ஃபில்டர், அதாவது ஒலியில் ஒரு பகுதியை விட்டு மற்றதை வடிகட்டும் கருவி, என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது.

மிக்ஸரில் ஆசிலேட்டர்களை (சுரம் எழுப்பும் பகுதிகளை) அணைத்துவிட்டு நாய்ஸை மட்டும் திறங்கள். வெறும் இரைச்சல் வரும். அதை, நடுவில் ஒரு பட்டையை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் வழியாக அனுப்பி, அந்தப் பட்டையைக் கூர்மையாக்கும் ரெசனன்ஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள்; ஊளை பிறக்கும். அப்புறம் கட்ஆஃபை (ஃபில்டர் எந்த இடத்தில் வேலை செய்யும் என்று தீர்மானிக்கும் குமிழை) ஒரு எல்எஃப்ஓவோடு, அதாவது குமிழைத் தானாக மெதுவாகத் திருப்பும் அலையோடு, இணையுங்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது: சைன் அலை வைத்தால் ஒரே சீராக ஏறி இறங்கி, மின்விசிறி போலக் கேட்கும். எல்எஃப்ஓ வடிவத்தையும் ஒழுங்கில்லாமல் அலையும் நாய்ஸுக்கு மாற்றி, வேகத்தை 0.2 ஹெர்ட்ஸ் அளவுக்குக் குறையுங்கள். எப்போது வீசும், எப்போது அடங்கும் என்று சொல்ல முடியாத நிஜக் காற்று வரும்.

ஹெட்ஃபோனில் கேளுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் அடி ஒலிகள் காணாமல் போய்விடும்.