முழங்கால் வலியோடு எடின்பரோ கோட்டைக்குப் போக முடியுமா?

கேள்வி: மே மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வேலை பார்க்கும் தங்கை வீட்டுக்குப் போகிறோம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. பையனுக்கு 9 வயது. குன்றின் மேல் இருக்கும் கோட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைக்கிறோம். அம்மாவால் ஏற முடியுமா? டிக்கெட் எடுத்து உள்ளே போகத்தான் வேண்டுமா, வெளியே நின்று பார்த்தால் போதாதா?

பதில்: அம்மாவால் போக முடியும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து போகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு அந்தப் பாறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலையின் தொண்டைக்குள்ளேயே உறைந்து இறுகிப்போன குழம்பு அது. பிற்பாடு பனியுகத்தில் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்த பனிப்பாளம் சுற்றிலும் இருந்த மென்மையான பாறையை எல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது, இதை மட்டும் அசைக்க முடியவில்லை. பாறையின் மறைவில், அதாவது கிழக்குப் பக்கம் இருந்த நிலம் மட்டும் ஒரு வால் மாதிரி நீளமாகத் தப்பிவிட்டது. அந்த வாலின் முதுகில் ஓடுவதுதான் ராயல் மைல் தெரு. மற்ற மூன்று பக்கமும் செங்குத்து.

அதனால் கிழக்கிலிருந்து, ராயல் மைல் வழியாக மட்டும் வாருங்கள். வேவர்லி ரயில் நிலையம் பள்ளத்தில் இருக்கிறது, அங்கே இறங்கி செல்போன் மேப்பைப் போட்டால் அது குறுக்கு வழி என்று சந்துப் படிக்கட்டுகளில் கொண்டுபோய் விடும். தெற்கே கிராஸ்மார்க்கெட் பக்கமிருந்து வருகிற படிகளும் அப்படித்தான், இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும். டாக்ஸி எடுத்து ராயல் மைலின் மேல்பகுதியான லான்மார்க்கெட் வரைக்கும் வந்துவிடுங்கள், பஸ் என்றால் பக்கத்தில் உள்ள ஜார்ஜ் 4 பிரிட்ஜில் இறங்குங்கள். அங்கிருந்து கோட்டை முன்வாசல் மைதானம் வரை சீரான ஏற்றம்தான், நின்று நின்று நடந்தால் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

வாசலைத் தாண்டிய பிறகுதான் உண்மையான ஏற்றமே. உள்ளே கொஞ்ச தூரத்தில் லாங் ஸ்டேர்ஸ் என்று 70 படிகள் வரும், அதில் ஏறவே வேண்டாம், பக்கத்திலேயே வளைந்து போகிற பாதை இருக்கிறது. அந்தப் பாதையும் ஏற்றம்தான், கருங்கல் பாவியது. நடக்கச் சிரமப்படுகிறவர்களை மேலே கொண்டுவிட கோட்டைக்காரர்களே ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் போகிற நாளில் அது ஓடுகிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள், வாசலில் பணியாளர்களிடம் கூச்சப்படாமல் மறுபடி கேளுங்கள். இங்கே பலரும் ஒரு தப்புச் செய்வார்கள். போகும்போது வண்டி, வரும்போது இறக்கம்தானே, நடந்துவிடலாம் என்று நினைப்பார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி, அதுவும் மழையில் நனைந்த கல் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மா திரும்பும்போதும் வண்டியிலேயே வரட்டும். செருப்பு வேண்டாம், அடிப்பக்கம் நல்ல ரப்பர் உள்ள ஷூ போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது, அந்த ஞாயிற்றுக்கிழமையை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். பையனுக்காகச் சொல்கிறேன். தினமும் பகல் சரியாக 1 மணிக்குக் கோட்டைக்குள் உள்ள மில்ஸ் மவுண்ட் மேடையிலிருந்து ஒரு பீரங்கி வெடிக்கும், ஞாயிறு மட்டும் கிடையாது (புனித வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கிடையாது). 1861-இல் ஆரம்பித்த வழக்கம் இது. ஃபோர்த் கழிமுகத்தில் நின்ற கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள, எதிரே கால்ட்டன் குன்றின் கோபுரத்தில் ஒரு பெரிய பந்தை ஏற்றி, 1 மணிக்குக் கீழே இறக்குவார்கள். மூடுபனி கவிழ்ந்தால் பந்து எங்கே தெரியும்? காதுக்காவது கேட்கட்டும் என்று பீரங்கியைக் கொண்டுவந்தார்கள். 12:40-க்கே போய் முன்வரிசையில் பையனை நிறுத்திவிடுங்கள். சத்தம் நெஞ்சில் அடிக்கிற மாதிரி இருக்கும், அம்மாவிடம் முன்னாடியே சொல்லி, பக்கத்தில் இருக்கிற ரெட்கோட் கஃபேயில் உட்காரவைத்துவிட்டால் நல்லது.

இப்போது டிக்கெட் விஷயம். கையில் மூன்று மணி நேரம் இருந்தால் கட்டாயம் உள்ளே போங்கள், ஒரு மணி நேரம்தான் என்றால் வேண்டாம், முன்வாசல் மைதானம் வரை இலவசமாகப் போகலாம், பிரின்சஸ் தெருப் பூங்காவிலிருந்து பார்த்தாலும் பாறை முழுசாகத் தெரியும். ஆன்லைனில் வாங்கினால் வாசல் விலையைவிடக் குறைவு, நேரம் குறித்துத் தருவார்கள். அம்மாவுக்கு 65-க்கு மேல் என்பதால் சலுகை விலை உண்டு, பையனுக்குச் சிறுவர் டிக்கெட். திறக்கிற நேரமான 9:30-க்கே எடுங்கள். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உள்ளே போனதும் கண்ணில் படுகிறதை எல்லாம் பார்த்துக்கொண்டே ஏறாதீர்கள். நேராக உச்சியில் உள்ள கிரவுன் சதுக்கத்துக்குப் போய், அங்கிருந்து கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டு வாருங்கள். ஸ்காட்லாந்தின் மணிமுடி, செங்கோல், வாள் இருக்கிற அறைக்கு 11 மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும், அம்மா அதில் நிற்கக் கூடாது. அந்த முடி 1540-இல் ஐந்தாம் ஜேம்ஸுக்காகத் திருத்திச் செய்தது. 1707-இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்த பிறகு இவற்றை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, அப்படியே மறந்துபோய், 1818-இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்நின்று திறந்தபோதுதான் மறுபடி வெளியே வந்தன. 2022-இல் எலிசபெத் ராணியின் சவப்பெட்டி மேல் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் வைத்தது இதே முடியைத்தான். ஒரு விஷயம்: முடிசூட்டுக் கல்லும் இங்கேதான் இருக்கிறது என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அது 2024-இல் பெர்த் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

அதே சதுக்கத்தில் அரண்மனைப் பகுதியில் ஒரு சின்ன அறை இருக்கிறது, நம் வீட்டு ஸ்டோர் ரூம் அளவுதான். 1566 ஜூன் 19-இல் ஸ்காட்லாந்தின் மேரி ராணி அங்கேதான் ஆறாம் ஜேம்ஸைப் பெற்றாள், பிற்பாடு இங்கிலாந்துக்கும் அரசனானவன். மண்டபங்களை எல்லாம் விட்டுவிட்டு எனக்கு மனசில் நிற்பது அந்த அறைதான்.

சதுக்கத்தைவிட்டு வெளியே வந்தால் செயின்ட் மார்கரெட் சிற்றாலயம். 1130 வாக்கில் அரசன் முதலாம் டேவிட் தன் தாய்க்காகக் கட்டியது, எடின்பரோவில் இன்றைக்கு நிற்கிற கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. நடுவில் வெடிமருந்துக் கிடங்காகக்கூட இருந்திருக்கிறது. வாசலிலேயே மான்ஸ் மெக் பீரங்கி. 6 டன் எடை, 150 கிலோ கல்குண்டு போடும். பையன் அதைவிட்டு நகரமாட்டான். அப்படியே அவனை வடக்குச் சுவரோரம் கூட்டிப்போய்ப் பள்ளத்தைக் காட்டுங்கள். 1314-இல் ஸ்காட்லாந்துத் தளபதி தாமஸ் ராண்டால்ஃப் 30 பேரோடு ராத்திரியில் ஏறிவந்து ஆங்கிலேயர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தது இந்தப் பக்கமாகத்தான். வழி காட்டிய வில்லியம் ஃபிரான்சிஸ் வாலிபத்தில் இந்தக் கோட்டையில் இருந்தபோது, ஊருக்குள் இருந்த தன் காதலியைப் பார்க்க அதே பாறையில் ஏறி இறங்கியவன் என்று சொல்வார்கள்.

பீரங்கி வெடித்த பிறகு தேசியப் போர் அருங்காட்சியகம் போங்கள், டிக்கெட்டிலேயே சேர்த்தி. ஸ்காட்லாந்தின் 78-ஆம் ஹைலண்டர் படை இலங்கையிலிருந்து திரும்பியபோது ஒரு யானையைக் கூட்டிவந்தது. அந்த வாயில்லா ஜீவன் 1830-களின் கடைசியில் இந்தக் கோட்டை லாயத்தில்தான் வாழ்ந்தது, அணிவகுப்பில் படைக்கு முன்னால் நடந்தது. அதன் கால் நகம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காட்டுச் சூட்டிலிருந்து இந்தக் குளிருக்கு வந்து எப்படித்தான் இருந்ததோ, பார்க்கும்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், மே மாதம்தானே என்று மெல்லிய துணியோடு போகாதீர்கள். மேலே காற்று சுழற்றி அடிக்கும், குடை ஒரே நிமிஷத்தில் மடங்கிவிடும். தலையை மூடும் தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்குக் காதை மறைக்கிற மாதிரி ஒரு கம்பளிக் குல்லாவும். காற்று ரொம்ப மோசமாகிவிட்டால் கோட்டையையே மூடிவிடுவார்கள், அதனால் கிளம்புகிற அன்று காலையில் அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.