வாத்தியார் ஊரில் இல்லாத மாதங்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் ஹோம்ஸ்டெட் குடியேற்றம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் மகள் நெப்ராஸ்காவில் படிக்கிறாள். அவள் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா தன் குடும்ப வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா பள்ளி ஆசிரியர்; 1880களில் அரசிடம் 160 ஏக்கர் நிலம் பெற்றவர். பட்டாவில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். பள்ளிக்கூடம் நடத்தியவர் எப்படி ஐந்து வருடம் நிலத்திலேயே குடியிருந்திருக்க முடியும்? கொள்ளுப்பாட்டியைப் பற்றி எங்கே தேடுவது?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் முதல் கேள்விக்கான பதிலே அநேகமாக அந்தக் கொள்ளுப்பாட்டிதான்.

லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, அந்தக் காலத்தில் 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் வரை அரசு நிலம் கேட்கலாம். கட்டணம் சொற்பம். ஆனால் ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து காட்ட வேண்டும். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தம் பெயரில் கேட்கலாம். கணவனோடு வாழும் பெண் பொதுவாகக் கேட்க முடியாது. குடும்பத் தலைவர் என்றால் சட்டத்துக்குக் கணவர்தான். பட்டாவில் பாட்டி பெயர் விடுபட்டது இதனால்தான்.

மரமில்லாத புல்வெளியில் மண்ணைப் புல்லோடு பாளமாக வெட்டியெடுத்து அடுக்கிச் சுவர் எழுப்பி வாழ்ந்தார்கள். முதல் சில வருடங்களின் விளைச்சலை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கையில் காசு வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. பெரிய பையன்களுக்கு வயல்வேலை இல்லாத குளிர்காலம்தான் பள்ளிக்கு முக்கியமான பருவம். பள்ளி தொலைவில் இருந்தால் அங்கேயே யார் வீட்டிலாவது தங்கிவிடுவார். அந்த மாதங்களில் மாட்டையும் பிள்ளைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தது யார்?

அரசாங்கமே இதைக் கேட்டது. ஐந்து வருடம் முடிந்ததும் நிலம் கேட்டவரும் சாட்சிகள் இருவரும் சத்தியம் செய்து வாக்குமூலம் தர வேண்டும். அன்றைய அச்சுப் படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கேள்வி உண்டு. நிலத்தை விட்டு எப்போதெல்லாம், எதற்காக வெளியே போனீர்கள், அப்போது உங்கள் குடும்பம் அங்கே குடியிருந்து பயிர் செய்ததா என்று கேட்கும். வாத்தியார் உண்மையைச் சொல்லியிருந்தால், பள்ளிக்குப் போன மாதங்களும் வீட்டில் இருந்த மனைவியும் அந்தப் பதிலில் இருப்பார்கள். பெயர்கூட இருக்காது, வெறுமனே மனைவி என்றுதான் இருக்கும். பரவாயில்லை. வீட்டின் நீள அகலம், கிணறு, உழுத ஏக்கர், எத்தனை பருவம் பயிரிட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அதில் அவள் உழைப்பும் அடக்கம்.

பலர் இணையத்தில் கிடைக்கும் பட்டா நகலோடு நின்றுவிடுகிறார்கள். அதிலுள்ள நில அலுவலகத்தின் பெயரையும் சான்றிதழ் எண்ணையும் குறித்துக்கொண்டு, வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதி முழுக் கோப்பையும் கேட்கச் சொல்லுங்கள். பாட்டியின் பெயருக்கு 1885ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். நெப்ராஸ்காவில் அந்த வருடம் தனியாக ஒன்று எடுத்தார்கள். 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 தீவிபத்துக்குப் பின் இல்லாமல் போனது என்பதால் இது பெரிய உதவி.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்த 160 ஏக்கர் அதற்கு முன் யாருடையது என்பதையும் வீட்டுக்கார அம்மா எழுத வேண்டும். நெப்ராஸ்காவில் வாழ்ந்த பாவ்னி என்ற பூர்வகுடி மக்கள் 1870களில்தான் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். குடும்ப வரலாற்றில் இதற்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

சாட்சி சொன்ன இருவரையும் விட்டுவிட வேண்டாம். அவர்கள் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள். பதிலுக்கு வாத்தியாரும் அவர்களுக்குச் சாட்சி சொல்லியிருக்கலாம். அவர்களுடைய கோப்புகளையும் சேர்த்தே கேட்கட்டும்.