வாசகர் கேள்வி: நெல் விளையும் ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்

கேள்வி: என் பிள்ளைகள் நகரத்திலேயே வளர்ந்தவர்கள். மே மாத விடுமுறையில் அவர்களுக்கு ஒரு விவசாயக் கிராமத்தைக் காட்ட ஆசை. சுற்றுலாவுக்கென்று ஜோடித்த ஊராக இருக்கக் கூடாது. எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கூந்தன்குளம் போங்கள், அம்மா. மே வரை காத்திருக்க வேண்டாம், பொங்கல் விடுமுறையிலேயே கிளம்புங்கள். பிசான நெல் (மழைக்காலத்தில் நட்டு, பனிக்காலம் முடியும்போது அறுக்கும் பட்டம்) வயலில் நிற்கும், குளத்தில் தண்ணீர் இருக்கும், இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகளும் இருக்கும். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊர். மழை பொய்த்த ஆண்டில் குளம் வற்றிவிடும். அதனால் புறப்படுமுன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பலகையில் இருக்கிற இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நேரே கரைக்கு ஏறிவிடாதீர்கள், முதலில் தெருவுக்குள் நடந்து போங்கள். மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு வாசல் வேம்பிலும் புளியமரத்திலும் கூடு கட்டுகிற ஊர் அது. குஞ்சு பொரித்த பிறகு மரத்தடியெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல எச்சம் படிந்திருக்கும். தாய்ப்பறவை கொண்டுவரும் மீன் சில நேரம் தவறி வாசலிலேயே விழும். கவிச்சி வாடை வீட்டுக்குள் வரை வரும். அதற்காக யாரும் கிளையை வெட்டுவதில்லை. பிள்ளைகள் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி: இத்தனை தொல்லையை அந்த ஊர் விவசாயிகள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தொல்லை என்று அவர்கள் நினைத்தால்தானே! பறவை வந்தால் மழையும் விளைச்சலும் உண்டு என்பது ஊரின் நம்பிக்கை. நம்பிக்கைக்குக் கீழே விவசாயக் கணக்கும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் குளத்தில் கரைகிறது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நிறைந்த அந்தத் தண்ணீர்தான் மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. குளம் வற்றியதும் அடியில் தங்கிய கரம்பையை (வண்டல் மண்ணை) அள்ளி வயலுக்கு அடித்தால் அதுவே அடியுரம். பறவை போய்விட்டால் ஊருக்கு நட்டம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் தீபாவளிக்கும் அங்கே வெடிச்சத்தம் கேட்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுகிற குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துத் திரும்பப் பறக்கவிடும் வழக்கமும் உண்டு. சட்டம் போட்டு இதைச் செய்ய வைக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

காரில் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஊர் எல்லையிலிருந்தே ஹாரன் அடிக்காதீர்கள். கூட்டுக்கு நேர் கீழே நின்று படம் எடுக்கவும் வேண்டாம். பயந்து எழும்புகிற நாரை திரும்பி வரும்வரை குஞ்சு வெயிலில் கிடக்கும்.